ரத்தத்தைக் காட்டினால் போர் வெறுத்துப்போகுமா?

போர்ப் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிற ரசிகரிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். "குடல் சரிஞ்சு கிடக்கிறதைக்கூட மறைக்காம காட்டியிருக்கான் சார். இதைப் பார்த்தவன் எவனும் இனிமே சண்டை வேணும்னு பேசமாட்டான்." கொடூரத்தை எந்த அளவுக்குத் தத்ரூபமாகக் காட்டுகிறதோ அந்த அளவுக்கு ஒரு படம் போரை எதிர்க்கிறது என்பதுதான் இதன் சாரம். விமர்சகர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றி எழுதுகிறார்கள். இயக்குநர்கள் பேட்டிகளில் ஒப்பிக்கிறார்கள். இந்தக் கட்சிக்கு முதல் சாட்சியாக எப்போதும் அழைக்கப்படுவது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'சேவிங் பிரைவேட் ரயன்'. 1998இல் வந்த படம். கால் நூற்றாண்டு கடந்தும் அதன் சாட்சியத்தைச் சந்தேகிப்பவர்கள் குறைவு.

அந்தச் சாட்சியிடமே நாலு கேள்வி கேட்டால் கட்சி ஆட்டம் காணும்.

முதலில் அந்தப் புகழ்பெற்ற கடற்கரை. 1944 ஜூன் 6, நார்மண்டியில் ஒமாஹா என்று பெயர் சூட்டப்பட்ட கரை. படகின் முன்கதவு விழுந்ததும் முதல் வரிசையில் நின்றவர்கள் மண்ணை மிதிக்காமலே சாகிறார்கள். தண்ணீருக்குள் குதித்துத் தப்பப் பார்த்தவர்களைத் தண்ணீருக்குள்ளேயே தோட்டா தேடி வருகிறது. ஒரு சிப்பாய் தன் அறுந்துபோன கையைத் தேடிக் குனிந்து எடுத்துக்கொண்டு நடக்கிறான். கேப்டன் மில்லராக வரும் டாம் ஹாங்ஸின் காது சற்று நேரம் அடைத்துப்போக, நமக்கும் அடைத்துப்போகிறது. சுமார் 24 நிமிடம் இது நீள்கிறது. திரைக்கலை என்ற வகையில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிடைத்த ஐந்து ஆஸ்கர்களில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, ஒலி விளைவுகள் என்று நான்கு தொழில்நுட்பத்துக்கே போயின, ஐந்தாவது இயக்கத்துக்கு. எல்லாம் தகுதியானவையே.

ஆனால் "தத்ரூபம்" என்று ரசிகர் வியப்பது எதை? படமாக்கப்பட்டது நார்மண்டியில் அல்ல, அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட் மாவட்டக் கடற்கரையில். படகிலிருந்து குதித்தவர்களில் பலர் அயர்லாந்து ராணுவத்தின் சேமப் படையினர். கை கால் சிதறும் காட்சிகளுக்கு, ஏற்கெனவே கை கால் இழந்தவர்களை நடிக்க வைத்தார்கள். ஒளிப்பதிவாளர் யானுஸ் கமின்ஸ்கி கேமராவின் ஷட்டர் கோணத்தை வழக்கமான 180 டிகிரியிலிருந்து 90க்கும் 45க்கும் குறைத்தார். அதனால்தான் தெறிக்கும் மணல் துகள்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது, ஓடுகிறவர்கள் வெட்டி வெட்டி ஓடுகிறார்கள். லென்ஸ்களின் பாதுகாப்புப் பூச்சைச் சுரண்டி எடுத்தார்கள். வண்ணத்தைப் பாதிக்குமேல் வெளுத்தார்கள். நோக்கம், பழைய செய்திப்படங்களின் சாயலும் ராபர்ட் கபா அன்று அதே கரையில் எடுத்த ஆடிய, கலங்கிய புகைப்படங்களின் சாயலும் வரவேண்டும் என்பது. கரையில் செத்தவன் 45 டிகிரி ஷட்டர் வழியாக எதையும் பார்க்கவில்லை. நாம் உண்மை என்று நம்புவது, நமக்குப் பழகிப்போன ஒரு பழைய பிலிம் சாயலை.

கதைக்கு வருவோம். நான்கு சகோதரர்களில் மூவர் இறந்துவிட, மிச்சமிருக்கும் ஒருவனை மீட்டு வர எட்டுப் பேர் போகிறார்கள், பெரும்பாலோர் சாகிறார்கள். இதற்கு வித்து நியூயார்க் மாநிலத்து நைலண்ட் குடும்பம். நான்கு மகன்கள். இருவர் நார்மண்டியில் அடுத்தடுத்த நாளில் இறந்தார்கள். மூன்றாமவர் பர்மா போர்முனையில் இறந்ததாகக் கருதப்பட்டு, பின்னர் ஜப்பானியரின் கைதி முகாமிலிருந்து உயிரோடு வந்துசேர்ந்தார். நான்காமவரான ஃபிரிட்ஸைத் தேடிப் படைப்பிரிவு எதுவும் போகவில்லை. அவருடைய ரெஜிமெண்டின் பாதிரியார் ஃபிரான்சிஸ் சாம்சன் ஆளைக் கண்டுபிடித்து, காகித வேலைகளை முடித்து, ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். ஒருவனைக் காப்பாற்றச் சாகும் வீரர்கள், பாலத்தைக் காக்கும் கடைசிச் சண்டை, "இதற்குத் தகுதியாக வாழ்" என்ற மரண வேளைக் கட்டளை எல்லாம் சேர்த்துக்கொண்டவை. கதை கட்டுவது கலைஞனின் உரிமை. ஆனால் சேர்த்தவை எல்லாமே ஒரே திசையில் போவதைக் கவனிக்க வேண்டும்: சாவுக்கு ஓர் அர்த்தம் கிடைக்கிறது. அர்த்தமுள்ள சாவைப் பார்த்து எந்த இளைஞனும் பயந்து ஓடுவதில்லை.

படத்தில் போரை நிஜமாகவே எதிர்க்கிற காட்சி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. வாஷிங்டனில் தட்டச்சு அறையில் பெண்கள் வரிசையாக இரங்கல் கடிதங்களை அடித்துத் தள்ளுகிறார்கள். ஒருத்தி மட்டும் நின்று, மூன்று தாள்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறாள்: ஒரே குடும்பப் பெயர். அடுத்து அயோவாவில் வயல்களுக்கு நடுவே ஒரு வீடு. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் தாய், ஜன்னல் வழியே புழுதி கிளப்பி வரும் காரைப் பார்க்கிறாள். வாசலுக்கு வருகிறாள். காரிலிருந்து ராணுவ அதிகாரியும் பாதிரியாரும் இறங்குகிறார்கள். யாரும் வாய் திறப்பதற்குள் அவள் கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். கேமரா வீட்டுக்குள்ளேயே நின்று முதுகுப்புறமாகப் பார்க்கிறது. இந்தப் படத்தைச் சிலாகித்துப் பேசும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இந்தக் காட்சியைக் குறிப்பிடுவதேயில்லை. கடற்கரை என்பார்கள், குடல் என்பார்கள்.

இந்தத் தாய் கற்பனை. ஆனால் ஆதாரமில்லாதவள் அல்ல. வர்ஜீனியாவில் பெட்ஃபோர்ட் என்று ஒரு சிற்றூர். ஒமாஹாவில் முதல் அலையில் இறங்கிய கம்பெனியில் அந்த ஊர்ப் பையன்கள் இருந்தார்கள். அன்று ஒரே நாளில் சுமார் இருபது குடும்பங்கள் பிள்ளையை இழந்தன. ஊர்க்காரர்களுக்கு ஆறு வாரம் தெரியாது. 1944 ஜூலை 17 காலையில், கிரீன் மருந்துக்கடையின் மூலையிலிருந்த தந்தி இயந்திரம் ஒன்றன்பின் ஒன்றாகச் சாவுச் செய்திகளைக் கக்கத் தொடங்கியது. அந்த மருந்துக்கடையை மூன்று மணி நேரப் படமாக எடுக்க எந்தப் பெரிய ஸ்டுடியோ பணம் போடும்?

ஸ்பீல்பெர்க்கும் அந்தத் தாயின் துக்கத்தை ஒரு நிமிடத்துக்குமேல் தாங்கவில்லை. உடனே ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் மார்ஷல், ஆபிரகாம் லிங்கன் திருமதி பிக்ஸ்பிக்கு எழுதிய கடிதத்தை மனப்பாடமாகச் சொல்கிறார். உள்நாட்டுப் போரில் ஐந்து மகன்களையும் நாட்டுக்காகப் பலிகொடுத்த தாய்க்கு எழுதிய ஆறுதல். கண்ணீர் கடமையாக மாறிவிடுகிறது, மீட்புப் படை கிளம்பிவிடுகிறது. அந்தத் தாயின் ஐந்து மகன்களில் போர்க்களத்தில் மடிந்தவர்கள் இருவரே என்று பின்னாளில் தெரியவந்ததைப் படம் சொல்லவில்லை. சொன்னால் படை கிளம்பாது.

படத்தின் முதல் அரைமணி நேரத்தில் திகைத்துப்போகும் ரசிகரை, கடைசி அரைமணி நேரம் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது? மொழிபெயர்ப்பாளன் அப்ஹம் என்ற பாத்திரத்தைப் பார்த்தால் புரியும். சண்டையே அறியாத, புத்தகம் படிக்கிற பையன். குழுவின் மருத்துவ உதவியாளன் சுடப்பட்டுச் செத்ததும், பிடிபட்ட ஜெர்மானியனைக் கொல்லத் துடிக்கிறார்கள் மற்றவர்கள். நிராயுதபாணியைக் கொல்வது நியாயமில்லை என்று அப்ஹம் கெஞ்சுகிறான். கண்ணைக் கட்டி அவனை விட்டுவிடுகிறார் மில்லர். கடைசிச் சண்டையில் அதே ஜெர்மானியன் திரும்பி வந்து மில்லரைச் சுடுகிறான். அதன்பின் சரணடைந்து கையைத் தூக்கி நிற்கும் அவனை அப்ஹம் சுட்டுத்தள்ளுகிறான். கூட நின்ற மற்றவர்களைப் போகவிடுகிறான்.

அந்தத் துப்பாக்கி வெடிக்கும்போது பார்க்கிறவர் மனதில் எழுவது அருவருப்பா, "அப்பாடா"வா? நேர்மையாகச் சொன்னால் இரண்டாவதுதான். இரக்கம் காட்டினால் அது உன் தலைவனைக் கொல்லும் என்பது கதையின் கணக்கு. அதற்குமுன் மாடிப்படியில் உட்கார்ந்து அப்ஹம் அழுதுகொண்டிருக்கும்போது, மேலே அவன் நண்பன் மெலிஷின் மார்பில் ஒருவன் மெல்ல மெல்லக் கத்தியை இறக்குவானே, அவனும் விடுதலையானவனும் ஒரே ஆள் என்று இன்றும் பலர் சாதிக்கிறார்கள். இல்லை, இருவரும் வேறு வேறு ஆட்கள், சீருடையே வேறு. குழப்பத்துக்குக் காரணம் கண் கோளாறு அல்ல. தண்டனைக்கு ஒரு முகம் வேண்டும் என்று மனம் அதற்குள் ஏங்கத் தொடங்கிவிடுகிறது.

ஸ்பீல்பெர்க் இதை அறியாதவர் என்று சொல்ல முடியாது. கடற்கரைச் சண்டை முடிந்ததும் கையைத் தூக்கிக்கொண்டு வரும் இருவரை அமெரிக்கச் சிப்பாய்கள் சுட்டுவிட்டுக் கேலி பேசுகிறார்கள். அந்த இருவரும் பேசுவது ஜெர்மன் அல்ல, செக். தாங்கள் ஜெர்மானியர் இல்லை, யாரையும் கொல்லவில்லை என்று மன்றாடுகிறார்கள். ஜெர்மன் சீருடை மாட்டப்பட்டு அங்கே நிறுத்தப்பட்ட அயல்நாட்டார் உண்மையிலேயே நார்மண்டியில் இருந்தார்கள். அந்த வசனத்துக்கு அடியில் வரி ஓடவில்லை. படத்தின் மிகக் கசப்பான உண்மை அதுதான். ரத்தத்தை எண்ணிக்கொண்டிருந்த கூட்டம் அதைக் கேட்கவேயில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். "போரில் இருந்த கிழவர்களே தியேட்டரில் உடைந்து அழுதார்களே, அவர்களைவிடவா உங்களுக்குத் தெரியும்?" அழுதது உண்மை. படம் பார்த்துக் கலங்கும் முன்னாள் வீரர்களுக்காக அமெரிக்க அரசின் படைவீரர் நலத்துறை தொலைபேசி உதவிக்குத் தனி ஏற்பாடே செய்தது. ஆனால் அந்தக் கிழவரை அழவைத்தது அவர் கூடவே கொண்டுவந்த நினைவு. பக்கத்து இருக்கையில் பாப்கார்னோடு இருந்த பதினெட்டு வயதுப் பையனிடம் அந்த நினைவு இல்லை. அவன் என்ன செய்தான் என்பதற்கு வேறு ஆதாரம் இருக்கிறது.

படம் வந்த மறு ஆண்டே 'மெடல் ஆஃப் ஹானர்' என்ற வீடியோ விளையாட்டு வந்தது. யோசனை ஸ்பீல்பெர்க்குடையது, தயாரித்தது அவருடைய ட்ரீம்வொர்க்ஸின் விளையாட்டுப் பிரிவு. படத்தில் நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்த முன்னாள் மரைன் கேப்டன் டேல் டைதான் இதற்கும் ராணுவ ஆலோசகர். 2002இல் அதே வரிசையில் வந்த 'அலைட் அசால்ட்' விளையாட்டில் ஒமாஹா தரையிறக்கம் ஒரு கட்டமாகவே வைக்கப்பட்டது. படகு, கதவு, தண்ணீர், தடுப்புக் கம்பிகள், காது அடைப்பு உட்படப் படத்தின் நகல். அதைச் செய்தவர்களில் பலர் பிரிந்துபோய் உருவாக்கியதுதான் 'கால் ஆஃப் டூட்டி'. இன்று சென்னையிலும் மதுரையிலும் பள்ளிப் பையன்கள் கைப்பேசியில் அந்தப் பெயரில் சுட்டுத்தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். போரை வெறுக்க வைத்த காட்சி என்றால், நாலே வருடத்தில் அது எப்படிக் காசு கொடுத்து விளையாடும் பொழுதுபோக்காக மாறியது? தாய் தரையில் உட்காரும் காட்சியை யாரும் விளையாட்டாக்கவில்லை.

இந்தியாவில் நடந்ததும் சுவாரசியம். தணிக்கைக் குழு வெட்டுகள் கேட்டது, ஸ்பீல்பெர்க் மறுத்தார். உள்துறை அமைச்சரே படத்தைப் பார்த்து மெச்சி, வெட்டில்லாமல் வெளியிட வழிசெய்ததாக அப்போது செய்தி. அது 1998, பொக்ரானில் அணுகுண்டு வெடித்த அதே ஆண்டு. ஆட்சியில் இருப்பவர்கள் மனமுவந்து பரிந்துரைக்கிற போர் எதிர்ப்புப் படம் என்றால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

ஸ்பீல்பெர்க்கை மட்டும் குறிவைப்பது நியாயமில்லை. அந்தோணி ஸ்வோஃபோர்ட் என்ற முன்னாள் மரைன் வீரர் 'ஜார்ஹெட்' என்ற தன் வளைகுடாப் போர் நினைவுநூலில் ஒன்றை எழுதுகிறார். 1990இல் சதாம் உசேன் குவைத்துக்குள் புகுந்த செய்தி வந்ததும், முகாமில் பீரும் வீடியோ கேசட்டுகளுமாக உட்கார்ந்துவிட்டார்களாம். எல்லாம் வியட்நாம் படங்கள். ஊரெல்லாம் போர் எதிர்ப்புக் காவியங்கள் என்று கொண்டாடியவை. மரைன்கள் அவற்றைப் பார்த்தது வெறியேற்றிக்கொள்ள. கொடுமை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கிளர்ச்சி. சிப்பாய்க்கு அவை எல்லாமே போர் ஆதரவுப் படங்கள்தான் என்பது அவர் முடிவு. வாக்னரின் இசையோடு ஹெலிகாப்டர்கள் கிராமத்தைத் தாக்கும் 'அபோகலிப்ஸ் நவ்' படமும் அவற்றில் ஒன்று. (அந்த ஹெலிகாப்டர்கள் பிலிப்பைன்ஸ் ராணுவத்தினுடையவை. படப்பிடிப்பின் நடுவிலேயே, நிஜக் கிளர்ச்சியாளர்களை அடக்க அவ்வப்போது கிளம்பிப் போய்விடும்.) இயக்குநர் கொப்போலா 2019இல், தன் படம் போர் எதிர்ப்புப் படமல்ல என்று தாமே சொல்லிவிட்டார். வன்முறைக்கு ஆசையூட்டும் காட்சிகள் அப்படிப்பட்ட படத்தில் இருக்கக் கூடாது என்ற அவர், கோன் இச்சிகாவாவின் 'பர்மீஸ் ஹார்ப்' போல இருக்க வேண்டும் என்றார். எடுத்தவரே ஒப்புக்கொண்ட பிறகும் ரசிகர்கள் விடுவதாயில்லை.

அப்படியானால் ரத்தத்தை மறைத்துவிட வேண்டுமா? அதுவும் தீர்வல்ல. ஜான் வெய்ன் நடித்த 'சாண்ட்ஸ் ஆஃப் இவோ ஜிமா' (1949) படத்தில் ரத்தம் சொற்பம். அதைப் பார்த்து உடல் சிலிர்த்த சிறுவர்களில் ஒருவர் ரான் கோவிக். மரைனில் சேர்ந்து வியட்நாம் போய் 1968இல் முதுகுத்தண்டில் குண்டு வாங்கி, சக்கர நாற்காலியில் திரும்பினார். ஆக, ரத்தம் இல்லாத படமும் ஆள் சேர்க்கும், ரத்தம் கொட்டும் படமும் ஆள் சேர்க்கும். அளவுகோலே தப்பு என்றுதான் ஆகிறது.

இந்த இடத்தில் சிலர் எதிர்முனைக்கு ஓடுவார்கள். போரைப் பற்றிய படம் எதுவானாலும் கடைசியில் போரை ஆதரித்தே முடியும் என்று பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ 1973இல் ஒரு பேட்டியில் சொன்னது அவர்களுக்கு வேதவாக்கு. அதுவும் சரியில்லை. எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் சீ' (1985) இருக்கிறது.

சோவியத் அரசு வெற்றியின் 40ஆம் ஆண்டு நிறைவையொட்டி வெளியிட்ட படம் என்பதால் அதையும் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும். ஆனால் அதே அரசின் திரைத்துறை எட்டு ஆண்டு இழுத்தடித்த படமும் அதுதான். திரைக்கதையை இயக்குநரோடு சேர்ந்து எழுதிய அலெஸ் அதமோவிச், பதின்வயதில் பெலாரசின் காடுகளில் கெரில்லாவாக இருந்தவர். அந்த நாட்டில் மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்ட கிராமங்கள் 628 என்று படம் கணக்குச் சொல்கிறது. அவற்றில் ஒன்றான ஹத்தினில் 1943 மார்ச் 22 அன்று இறந்த 149 பேரில் 75 பேர் குழந்தைகள்.

கெரில்லாக்களோடு சேரப் போன சிறுவன் ஃபிளோரா, கிளாஷா என்ற பெண்ணோடு தன் கிராமத்துக்குத் திரும்புகிறான். வீட்டில் யாருமில்லை. அடுப்பில் சூப் இன்னும் சூடாக இருக்கிறது, எடுத்துச் சாப்பிடுகிறார்கள். தரையில் அவன் தங்கைகளின் பொம்மைகள் கிடக்கின்றன. ஈக்களின் இரைச்சல் கூடிக்கொண்டே போகிறது. எல்லோரும் சதுப்பு நிலத் தீவுக்குப் போயிருப்பார்கள் என்று சொல்லி அவன் ஓடுகிறான். பின்னால் ஓடும் கிளாஷா ஒரு கணம் தலையைத் திருப்புகிறாள். வீட்டின் பின்சுவரையொட்டிப் பிணக்குவியல். ஒன்றிரண்டு நொடிதான், கேமரா மறுபடி அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஒமாஹாவின் 24 நிமிடத்தைப் பத்து முறை ரசித்துப் பார்த்தவர்கள்கூட இந்த இரண்டு நொடியை மறுமுறை பார்க்கக் கேட்பதில்லை.

பின்னால் இன்னொரு கிராமத்தில் மக்களை ஒரு கட்டடத்துக்குள் அடைத்துத் தீ வைக்கிறார்கள். நாம் பெரும்பாலும் வெளியேதான் நிற்கிறோம், சிரித்துக் கைதட்டும் ஜெர்மன் படையினரோடு. கொடுமையைக் காட்சியாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை ரசிகருக்கு இதைவிட அப்பட்டமாக யாரும் சொன்னதில்லை. பிறகு அந்தப் படையினர் பிடிபடுகிறார்கள். பெட்ரோல் ஊற்றப்படுகிறது, தீப்பந்தம் வருகிறது. பார்க்கிறவரும் எரியட்டும் என்றுதான் காத்திருக்கிறார். அதற்குள் கூட்டத்திலிருந்து யாரோ சுட்டுக் கதையை முடித்துவிடுகிறார்கள். அப்ஹமின் துப்பாக்கி கொடுத்த நிம்மதி இங்கே கிடைக்காது. ஃபிளோரா படம் நெடுக ஒரு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். கடைசியில்தான் சுடுகிறான், அதுவும் சேற்றில் கிடக்கும் ஹிட்லர் படத்தை. ஒவ்வொரு குண்டுக்கும் வரலாறு பின்னோக்கி ஓட, தாய் மடியில் குழந்தையாக ஹிட்லர் வந்ததும் அவனால் சுட முடியவில்லை.

பழைய கருத்து எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு அண்மைச் சான்று, ரெமார்க்கின் நாவலை எட்வர்ட் பெர்கர் 2022இல் படமாக்கிய 'ஆல் குவைட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்'. சேறு, நெருப்பு, டாங்கி எல்லாம் மிரட்டல் ரகம், நான்கு ஆஸ்கர். நாவலிலும், லூயிஸ் மைல்ஸ்டோன் எடுத்த 1930 படத்திலும் ஒரு பகுதி உண்டு: பால் என்ற இளம் சிப்பாய் விடுமுறையில் ஊருக்குப் போகிறான். நோயாளித் தாயிடம் எதையும் சொல்ல முடியவில்லை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, பாரிஸை நோக்கி முன்னேறுங்கள் என்று பீர் மேசையிலிருந்து யோசனை சொல்கிறார்கள் பெரியவர்கள். 1930 படத்தில் அவன் தன் பழைய வகுப்பறைக்குப் போய் உண்மையைச் சொல்ல, மாணவர்கள் கோழை என்கிறார்கள். புதிய படத்தில் விடுமுறையே கிடையாது. பதிலுக்கு, போர் முடிய சில நிமிடங்களே இருக்கும்போது ஒரு தளபதி கட்டளையிடும் கடைசித் தாக்குதல் சேர்ந்திருக்கிறது. அதற்குத்தான் பாராட்டும் குவிந்தது.

1930 படத்தில் ரத்தம் என்று தேடினால் கறுப்பு வெள்ளையில் பெரிதாக எதுவும் அகப்படாது. முள்கம்பியைப் பற்றியபடி மிஞ்சியிருக்கும் இரண்டு கைகள்தான் அதிகபட்சக் கோரம். அந்த ஆண்டு டிசம்பரில் அது பெர்லினில் திரையிடப்பட்டபோது, நாஜிக் கட்சியின் கோயபல்ஸ் தன் ஆட்களோடு அரங்குக்குள் நுழைந்தார். நாற்றக் குண்டுகளை வீசி, வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டு, காட்சியை நிறுத்த வைத்தார்கள். ஒரு வாரத்துக்குள், டிசம்பர் 11 அன்று, ஜெர்மனியின் நற்பெயருக்குக் கேடு என்று சொல்லித் தணிக்கைத் துறையே படத்தைத் தடை செய்தது.